அருட்பணிக் குழுவில் பணியாற்றுவோர்க்குரிய பண்புகள்

கோடை விடுமுறையிலும் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய வாரங்களிலும் நம் திருச்சபைகளிலிருந்தும் இறையியல் கல்லூரிகளிலிருந்தும் சிறு சிறு குழுக்கள் சிற்றூர்களை நோக்கிப் புறப்படுகின்றன. இத்தகைய குழுக்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும்போது நாம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே வகையினவாக உள்ளன. நன்றாகப் பாடுபவர் யார்? சொல்வன்மை உடையவர் யார்? கதை கூறவும் நாடகம் நடிக்கவும் வல்லவர் யார்? இவ்வினாக்கள் வேண்டாதவை அல்ல. எனினும் இவற்றிற்கு முன்னே கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. பிறரோடு சேர்ந்து வாழ இயன்றவர் யார் என்பதே அது. திறமை மிக்க ஐவர் சேர்ந்தும் குழுவாகாமல் போவதுண்டு. எளிய திறமையுடைய மூவர் சேர்ந்து ஓர் ஊரையே தம்பால் ஈர்ப்பதும் உண்டு. இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகிய பண்புகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் வழியில் பாலாற்றை அடுத்துள்ள வாலாஜாபாத்தையும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்தையும் முதன்மையாக மனத்திற்கொண்டு இதனை எழுதுகின்றேன். நம் பணியின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே விளங்கும் நிலம் அது.

அடிப்படை

திருமறையில் குழுப்பணியின் தொடக்கத்தை அந்தியோகியா சபையில் காண்கின்றோம் (அப்போஸ்தலர் 13:1-3). அங்கே ஐவர் பெயர்கள் தரப்பட்டுள்ளன. பர்னபா சீப்புரு தீவினர். சிமியோன் நீகர் என்னும் மறுபெயர் உடையவர். லூகி சிரேனே ஊரினர். மனாயீன் ஏரோதுடன் வளர்க்கப்பட்டவர். சவுல் ஒருகாலத்தில் சபையைத் துன்புறுத்தியவர். பிறப்பாலும் வளர்ப்பாலும் வேறுபட்ட இவர்கள் ஒன்றாக வழிபட்டு, ஒன்றாக உபவாசித்திருந்த வேளையில்தான் தூய ஆவியாரின் அழைப்பு வந்தது. சென்றவர் இருவர், அனுப்பியவர் ஏனையோர். ஆகவே குழு என்பது பயணத்திற்காகக் கூட்டப்படும் கூட்டமன்று. முன்னமே ஒன்றாக வாழ்ந்த ஒரு சமூகத்தின் நீட்சியே அது. அருட்பணி கடவுளுடைய பணி, திருச்சபை அதிற் பங்குபெற அழைக்கப்பட்டது என்னும் உண்மையை 1952இல் வில்லிங்கனில் கூடிய உலக அருட்பணி மாநாட்டிற்குப்பின் இறையியலார் பலரும் வலியுறுத்தி வந்துள்ளனர். பணி நம்முடையதன்று என்றால் குழுவும் நம்முடையதன்று. அதில் நமக்கு வாய்த்த உடன்பணியாளரும் நாம் தெரிந்துகொண்டவர் அல்லர், நமக்குத் தரப்பட்டவர். பின்வரும் பண்புகளெல்லாம் இவ்வுண்மையிலிருந்தே பிறக்கின்றன.

1. ஊரின் நினைவை மதித்தல்

வாலாஜாபாத் ஆற்காட்டு நவாபாகிய முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒருகாலத்தில் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் பாளையமாக விளங்கியது. 1806இல் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதிய ஒழுங்குகள் விதிக்கப்பட்டன. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடியைத் திருத்தவேண்டும், தோற்பட்டை சேர்ந்த புதுவகைத் தலைப்பாகை அணியவேண்டும். அத்தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தமையால், தங்களைக் கிறிஸ்தவராக்கவே இச்சூழ்ச்சி என்று சிப்பாய்கள் ஐயுற்றனர். அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. வாலாஜாபாத் பாளையத்திலும் அத்தலைப்பாகையைப் பற்றிய மனக்கசப்பு எழுந்தது.

அந்நாளில் இப்பாளையத்துச் சிப்பாய்க்குக் கிறிஸ்தவம் எவ்வாறு தோன்றியிருக்கும்? அது மேலிருந்து வந்த கட்டளை. தலையில் வைக்கப்பட்ட தொப்பி. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வச்சம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டதும், 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டதும் நாம் கண்டவை. அச்சட்டத்தை எதிர்த்தது நம் கடமை. ஆயினும் அண்டை வீட்டாரின் அச்சத்தை வெறும் பகைமை என்று தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது. ஓர் ஊருக்குள் நுழையும் குழு, தனக்கு முன் அவ்வூருக்குள் நுழைந்தவர் யார், எவ்வாறு நுழைந்தனர் என்று அறிந்திருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியைக் கோயில் தெருவின் முனையில் கட்டி, விழா நாளன்று உரத்துப் பேசுவதைத் துணிவு என்று எண்ணுவோர் உளர். எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பிய ஆண்டவர், வீட்டிற்குள் நுழைந்தவுடன் சமாதானம் கூறவும், தங்களுக்கு முன் வைக்கப்படுவதை உண்ணவும் கற்பித்தார் (லூக்கா 10:1-8). விருந்தினராகச் செல்லத் தெரிந்தவரே தூதராகச் செல்லத் தக்கவர்.

2. கற்கும் மனம்

விருந்தினர்க்குரிய முதற் கடமை கேட்டலும் கற்றலுமாகும். இதற்குக் காஞ்சிபுரமே சிறந்த சான்று தருகின்றது. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் அருட்பணியாளராக 1936இல் இந்தியாவிற்கு வந்த லெஸ்லி நியூபிகின், பேருந்து விபத்தில் கால் முறிந்து தாய்நாடு திரும்பி, 1939இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் பணியேற்றார். பின்னாளில் மதுரை-இராமநாதபுரம் பேராயராகவும் சென்னைப் பேராயராகவும் விளங்கிய இவர், காஞ்சியில் இருந்த காலத்தில் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த அறிஞர்களோடு தரையில் அமர்ந்து வாரந்தோறும் நூல் பயின்றார். ஒரு வாரம் ஸ்வேதாஸ்வதர உபநிஷதம். அடுத்த வாரம் யோவான் நற்செய்தி. இவ்வாறு பயின்றமையால் அவருடைய நற்செய்தி அறிவிப்பு தளர்ந்துவிடவில்லை. கிறிஸ்துவின் தனித்தன்மையை அவர்போல் உறுதியுடன் எழுதியவர் அவர் காலத்தில் சிலரே. கற்றல் வேறு, கொள்கையைக் கைவிடுதல் வேறு என்பதை இதனால் அறிகின்றோம்.

அயல்நாட்டார்க்கு மட்டும் உரிய பாடமன்று இது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. திருநெல்வேலித் தமிழராகிய வே. ச. அசரியா அதன் தொடக்க முயற்சிகளில் முன்னின்றதோடு அமையாமல், தாமே 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தெலுங்கு கற்றார், அம்மக்களோடு வாழ்ந்தார், 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலை பெற்றார். நம் மாணவர்களோ திருநெல்வேலியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ செங்கற்பட்டு வட்டாரத்திற்கு வரும்போது, மொழி ஒன்றுதானே, கற்க என்ன இருக்கிறது என்று எண்ணுகின்றனர். இங்குள்ள பேச்சுவழக்கு வேறு, உறவுமுறை வேறு, ஏரி, கால்வாய், தறி ஆகியவற்றைச் சுற்றிய வாழ்வு வேறு. நெசவாளர் எந்நேரம் ஓய்வாக இருப்பார் என்று அறியாமல், பாவு விரித்திருக்கும் காலை வேளையில் தெருவில் கூட்டம் நடத்தும் குழு, அவர் பிழைப்பையன்றி வேறொன்றையும் தொடவில்லை.

3. உடன்பணியாளரோடு வாழும் ஆற்றல்

அருட்பணி வரலாற்றில் எதிரிகளால் முறிந்த குழுக்களைக் காட்டிலும் தமக்குள்ளே முறிந்த குழுக்களே மிகுதி எனலாம். பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்குவைக் குறித்து எழுந்த பிணக்கைத் திருமறை மறைக்கவில்லை (அப்போஸ்தலர் 15:36-40). அங்கே ஆளப்பட்ட பராக்ஸிஸ்மோஸ் என்னும் கிரேக்கச் சொல் கடுஞ்சினத்தால் எழும் மோதலைக் குறிப்பது. பிலிப்பி சபையிலோ எவோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்கள், நற்செய்திக்காகப் பவுலோடு சேர்ந்து போராடியவர்கள், ஒருமனமின்றி இருந்தனர் (பிலிப்பியர் 4:2-3). அப்போஸ்தலர் அவர்களைப் பணியிலிருந்து விலக்குமாறு எழுதவில்லை. அவர்களுக்கு உதவும்படி மற்றொரு கூட்டாளியை வேண்டிக்கொண்டார். அவரை அழைத்த சூசுகஸ் என்னும் சொல் ஒரே நுகத்திற் பூட்டப்பட்டவரைக் குறிக்கும். குழுவில் இருவர் பிணங்கும்போது மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பவராகவோ ஒரு பக்கம் சாய்பவராகவோ இருத்தல் கூடாது. நுகத்தில் தானும் தோள் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒழுங்கான முறை வேண்டும் என்பதைச் சீராம்பூர்ப் பணியாளர் உணர்ந்திருந்தனர். 1800இல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் ஒரே வளாகத்தில், ஒரே பந்தியில், பொதுப் பணப்பையோடு வாழத் தொடங்கினர். சனிக்கிழமை மாலையை மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கினர். 1805இல் தம் பணிக்குரிய உடன்படிக்கையை வகுத்து, அதனை ஆண்டில் மும்முறை பணித்தலங்களில் வாசிக்கவும் விதித்தனர். தச்சர் மகனும் நெசவாளர் மகனும் சக்கிலியத் தொழில் செய்தவரும் ஒரு குடும்பமாக நின்றமை வியத்தற்குரியது. ஆயினும் அடுத்த தலைமுறை இளம்பணியாளர் வந்தபோது அவ்வொற்றுமை நிலைக்கவில்லை; அவர்கள் பிரிந்து கல்கத்தாவில் தனியே பணியாற்றினர். முன்னோரின் உடன்படிக்கை பின்னோர்க்குத் தானே வந்து சேர்வதில்லை என்பது இதனால் பெறப்படும். ஒவ்வொரு குழுவும் தனக்குரிய சனிக்கிழமை மாலையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

4. ஒரே பந்தியில் அமரும் நட்பு

1910இல் எடின்பரோவில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை இன்றும் நினைக்கப்படுகின்றது. ஐரோப்பியரின் தியாகத்தைப் பாராட்டியபின், அவர்களிடம் இந்தியர் எதிர்பார்ப்பது நட்பே என்று அவர் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோளுக்கு விடை போன்று 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதனை நிறுவியவர் இருவர், இருவரும் மருத்துவர்: தமிழராகிய ச. ஏசுதாசன், ஸ்காத்லாந்தியராகிய எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். மக்கள் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் இளையவராகவும், ஆளப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர் மூத்தவராகவும் நின்ற அம்முறையே அக்காலத்தில் ஒரு நற்செய்தியாயிற்று.

நம்மிடையே இன்று நிற்கும் சுவர் வெள்ளையர்க்கும் இந்தியர்க்கும் இடைப்பட்டதன்று, சாதியே அச்சுவர். இங்கு என் குறை ஒன்றைக் கூறாது செல்லுதல் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் வாலாஜாபாத் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிற்கு மாணவர் குழு ஒன்றை நடத்திச் சென்றேன். ஊர்த் தெருவில் வசதியுள்ள ஒருவர் நண்பகல் உணவளித்தார், மகிழ்ந்து உண்டோம். மாலையில் காலனியில் உள்ள நம் சபையாரிடம் சென்றோம். அங்கே மூதாட்டி ஒருவர் எங்களுக்கென்று சோறு சமைத்து வைத்திருந்தார். நேரமாகிவிட்டது என்று கூறிவிட்டு, அன்பைப் பற்றிய பாடல்கள் பலவற்றைப் பாடி இரவு திரும்பினோம். மறுநாள் காலை அவ்வம்மையார் என்னிடம், “ஐயரே, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துது. சோறுதான் அப்படியே இருக்குது” என்றார். அதில் சினமில்லை, அதனாலேயே அது என்னை மிகவும் வருத்தியது.

நேரமின்மை உண்மைக் காரணமன்று என்பதை மாணவருள் ஒருவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அதை நான் அன்றே அறிந்திருந்தேன். வற்புறுத்தினால் குழு உடைந்துவிடும் என்று அஞ்சி வாளாவிருந்தேன். ஆனால் அங்கே உடைவதற்குக் குழு ஒன்று இருந்ததா? ஒரு பந்தியில் அமர இயலாத கூட்டத்தை ஒற்றுமையுள்ள குழு என்று நான் எண்ணியதே பெரும்பிழை. அந்தியோகியாவில் கேபா பந்தியை விட்டு விலகியபோது பவுல் அதனை உணவைப் பற்றிய சிறு செய்தியாகக் கொள்ளவில்லை, நற்செய்தியின் சத்தியத்தைப் பற்றியதாகவே கொண்டார் (கலாத்தியர் 2:11-14). இப்போது நாங்கள் செல்லும்போது முதல் உணவைக் காலனியில் உண்டபின்னரே பணியைத் தொடங்குகின்றோம். இதற்கு உடன்படாதவர் பாடுவதில் எவ்வளவு வல்லவராயினும் குழுவிற் சேர்க்கப்படுவதில்லை.

5. நீதியைக் காணும் கண்

செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் முன்னோர் ஆற்றிய பணி பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை. ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியின் கிளை காஞ்சிபுரத்தில் 1839இல் தோன்றியது; அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அங்கே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையாகத் திருச்சபையை நாடினர். அவர்களிடையே பணியாற்றிய ஸ்காத்லாந்துச் சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும் அம்மக்களின் நிலமின்மையையும் கடன் அடிமைத்தனத்தையும் வீட்டுமனைக்கும் உரிமையற்ற நிலையையும் அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தனர். மாவட்ட ஆட்சியாளர் டிரெமென்ஹீர் 1891இல் இம்மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை அளித்தார். 1892இல் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் எனப்படும் ஒதுக்கீட்டின் தொடக்கம் அதுவே.

குழுவில் செல்பவர் யாவரும் நிலச்சட்டம் அறிந்திருக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். தாம் செல்லும் ஊரில் ஏரி நீர் யார் வயலுக்கு முதலிற் பாய்கிறது, தறியில் அமர்ந்திருப்பவர் தம் கூலிக்கு நெய்கிறாரா கடனுக்கு நெய்கிறாரா, பிள்ளைகள் பள்ளியில் இருக்கின்றனரா என்று காணும் கண் அவருக்கு வேண்டும். ஆண்ட்ரூவும் கௌடியும் வெவ்வேறு சபையினர். எனினும் ஒரே அநீதியை இருவரும் கண்டனர். இன்று ஒரே சிற்றூரில் ஒருவரையொருவர் குறைகூறும் மூன்று சபைகளின் குழுக்களுக்கு இது நல்ல பாடம்.

6. கணக்கில் நேர்மை

கணக்கு என்பது பணத்தை மட்டும் குறிப்பதன்று. மூன்று நாள் பணியின் முடிவில் இத்தனை பேர் கேட்டனர், இத்தனை பேர் கைதூக்கினர், இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டனர் என்று அறிக்கை எழுதும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. தொகை பெரிதாயின் அடுத்த ஆண்டுக் காணிக்கையும் பெருகும் என்னும் எண்ணம் இதன் பின்னே உண்டு. 1841இல் ஆண்டர்சனின் சென்னைப் பள்ளியில் இராஜகோபால், வேங்கடராமையா, எத்திராஜுலு என்னும் மூன்று இளைஞர் திருமுழுக்குப் பெற்றனர். அதன் விளைவாகப் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, மாணவர் தொகை பெரிதும் சுருங்கியது. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் அது தோல்வி. அம்மூவரோ பின்னாளில் குருமாராகித் தம் ஆசிரியரின் உடன்பணியாளராயினர். உடைகளையும் பணத்தையும் காட்டி ஆள் சேர்ப்பதும், நடவாததை நடந்ததாக எழுதுவதும் ஒரே பொய்யின் இரு கிளைகள். நட்டவரும் நீர் பாய்ச்சியவரும் ஒன்றுமில்லை, விளையச் செய்பவர் கடவுளே என்பதை நம்புபவர்க்கு (1 கொரிந்தியர் 3:6-7) எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டத் தேவை எழாது.

7. மறைந்து நிற்கும் தாழ்மை

காஞ்சிப் பட்டிற்குப் பெருமை சேர்ப்பது அதன் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். இரண்டும் நூலோடு நூலாகப் பின்னி நெய்யப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். தறியின்முன் அமர்ந்த நெசவாளர் ஒருவரே இதனைச் செய்தல் அரிது. அவர் பக்கத்தில் உதவியாளர் ஒருவர், பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்ணோ இளையவரோ, அமர்ந்து மறுகரைக்குரிய நாடாவைத் தள்ளிக்கொடுப்பார். ஒருவர் கை பிந்தினாலும் கரை பிசகும். சேலையை வாங்குவோர் அந்த உதவியாளரை அறியார். ஆனால் அவர் இல்லையேல் உடலும் கரையும் கூடுவதில்லை.

குழுவிலும் இத்தகையோர் உளர். பாத்திரம் கழுவுபவர், நோயுற்ற உடன்பணியாளருக்குக் கஞ்சி காய்ச்சுபவர், பயணச்சீட்டுகளைக் கணக்கில் எழுதுபவர், மேடையில் ஏறாது வீட்டுப் பெண்களோடு அமர்ந்து அவர்தம் துயரங்களைக் கேட்பவர் ஆகியோரின் பெயர் அறிக்கையில் வருவதில்லை. கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் (பிலிப்பியர் 2:5-8) என்று பிரசங்கிக்கும் தலைவர், ஒரு நாளேனும் அந்தப் பக்கத்து இடத்தில் அமர்ந்து பார்த்தல் நன்று. அங்கே மனநிறைவோடு அமர இயலாதவர் தறியின் முன்னும் அமரத் தக்கவர் அல்லர்.

முடிவுரை

இப்பண்புகளையெல்லாம் முழுமையாக உடையவரையே அனுப்புவோம் எனின், அனுப்புதற்கு ஒருவரும் இரார், இக்கட்டுரையாளனும் இரான். பாதிவழியில் திரும்பிச் சென்ற மாற்குவைப் பவுல் ஒருகால் வேண்டாம் என்றார். அதே மாற்கு தம் பணிக்குப் பயனுள்ளவர் என்று பின்னர் எழுதி, அவரை அழைத்துவரும்படி கேட்டுக்கொண்டார் (2 தீமோத்தேயு 4:11). இடையில் பர்னபா அவரைக் கைவிடாது உடன் வைத்திருந்தார். ஆகவே குழு என்பது பண்பட்டவர் கூடும் இடம் மட்டுமன்று, பண்படும் இடமுமாகும். ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தன் குறையைக் காட்டும் சொல்லைக் கேட்க ஒவ்வொருவரும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அச்சொல் ஆசிரியரிடமிருந்தும் வரலாம், உடன் மாணவரிடமிருந்தும் வரலாம், ஆறிப்போன சோற்றின் அருகே நிற்கும் மூதாட்டியிடமிருந்தும் வரலாம்.

அடுத்த முறை ஆட்களைத் தெரிந்தெடுக்கும் ஆயர்களும் ஆசிரியர்களும், குரலைச் சோதிக்கும் முன், குழுவாகச் செல்ல விரும்புவோரைச் சில நாட்கள் ஒரே இடத்தில் தங்கச் செய்து, தாமே சமைத்து, ஒரே பந்தியில் உண்டு, ஒன்றாக வேண்டுதல் செய்யும்படி விடுவார்களாக. யார் செல்லத் தக்கவர் என்பதை அந்நாட்களே காட்டிவிடும். அறுவடையின் ஆண்டவர் நம்மை அனுப்புமுன் நம்மை ஒன்றாக்குவாராக.